ஓட்டமும் முழங்கால் வலியும்

குர்லா ரயில் நிலையத்தின் நடைமேம்பாலப் படிகளில் ஏறுவது எனக்கு ஒருநாளும் பாரமாயிருந்ததில்லை. 2022 நவம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, அதே படிகளில் இறங்குவது பாரமாயிற்று. வலது முழங்காலில், சில்லுக்குப் பின்புறம் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துவதுபோல் ஒரு வலி. பின்னால் வந்த கூட்டம் நெருக்க, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினேன். அப்பொழுது எனக்கு வயது 44. வழக்கமாக ஏறும் லோக்கல் ரயில் என் கண் முன்னே புறப்பட்டுப் போயிற்று.

இந்த வலி எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்புதான் ஓடத் தொடங்கியிருந்தேன். இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.2 என்று வந்திருந்தது. 5.7 முதல் 6.4 வரை என்பது நீரிழிவின் வாசற்படி. என் தகப்பனார் அந்த வியாதியால் ஒரு காலின் விரல்களை இழந்தவர். ஆகவே நான் பயந்தேன். மழைக்காலம் முடிந்ததும் செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலிலிருந்தே ஓடத் தொடங்கினேன். முதல் வாரம் இரண்டு கிலோமீட்டர், அடுத்த வாரம் மூன்று, ஐந்தாம் வாரம் ஐந்து. சர்க்கரையை மறந்து ஓட்டத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. ஜனவரியில் நடக்கும் மும்பை மராத்தானில் 10 கிலோமீட்டர் பிரிவுக்குப் பணமும் கட்டிவிட்டேன். அது ஞாயிறு அதிகாலையில் நடப்பதால், முடித்துக் குளித்து இரண்டாம் ஆராதனைக்குப் போய்விடலாம் என்று கணக்கும் போட்டிருந்தேன். அந்த உற்சாகத்தில் ஆறாம் வாரம் ஒரு சனிக்கிழமை அலுவலக நண்பர்களோடு மரைன் டிரைவுக்குப் போய், ஒரே மூச்சில் பத்து கிலோமீட்டரையும் ஓடி முடித்தேன். அன்றைக்கு வலியே இல்லை. மூன்றாம் நாள்தான் குர்லா படிகள்.

அதன் பின் நான் செய்தவை, உங்களில் அநேகர் செய்கிறவைதாம். தைலம் தேய்த்தேன். கிரேப் பேண்டேஜ் சுற்றினேன். மருந்துக்கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக் மாத்திரை வாங்கி விழுங்கினேன். இரண்டு வாரம் ஓடாமல் இருந்தேன், வலி போய்விட்டது. சந்தோஷமாய் மறுபடியும் ஐந்து கிலோமீட்டர் ஓடினேன். மறுநாளே வலி திரும்பி வந்தது. இப்படி மூன்று முறை. ஜனவரி ஓட்டம் எனக்கு இல்லை என்று தெளிவாயிற்று.

சபையிலும் ஆளுக்கொரு ஆலோசனை. “இந்த வயதில் ஓடினால் முட்டி தேய்ந்துதான் போகும் பிரதர்” என்றார் ஒரு பெரியவர். அவருக்கே இரண்டு மூட்டும் மாற்று அறுவை சிகிச்சை ஆனது. ஆனால் அவர் வாழ்நாளில் ஓடினவர் அல்லர். நகரத்தின் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, “தேய்மானம் ஆரம்பம், இனி ஓட்டத்தை மறந்துவிடுங்கள்” என்றார்கள். ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்தது. சர்க்கரைக்கு என்ன செய்வது என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

முடிவில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். அந்தச் சகோதரி ஸ்கேனைப் பார்க்குமுன் என்னைப் பார்த்தார். வலது காலில் மட்டும் நின்று, நாற்காலியில் உட்காரப் போவதுபோல மெதுவாய்த் தாழச் சொன்னார். எதிரே நிலைக்கண்ணாடி. என் முழங்கால் நேரே போகாமல் உட்பக்கமாய்ச் சாய்ந்து ஆடிற்று. இடுப்பும் ஒரு பக்கம் இறங்கிற்று. “உங்கள் முட்டியில் பெரிய குற்றம் ஒன்றுமில்லை. அதைப் பிடித்து நிறுத்த வேண்டியவர்கள் மேலே தூங்குகிறார்கள்” என்றார். அவர் கற்றுக்கொடுத்ததையும், அதன் பின் நான் தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

சில்லு செய்யும் வேலை

முழங்காலின் முன்புறம் இருக்கும் சில்லு, தொடையின் முன்தசையோடு இணைந்த ஒரு சிறு எலும்பு. காலை மடக்கி நீட்டும்போது அது தொடை எலும்பின் நுனியில் உள்ள ஒரு பள்ளத்தில், கிணற்று உருளையில் கயிறு ஓடுவதைப்போல, மேலும் கீழும் வழுக்கிச் செல்கிறது. இதன் பின்புறம் பூசப்பட்டிருக்கும் குருத்தெலும்புதான் நம் சரீரத்திலேயே மிகத் தடிமனான குருத்தெலும்பு. அவ்வளவு பாரம் அங்கே விழும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் கால் தரையில் இறங்குகையில், சரீர எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு விசை எழும்புகிறது. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறக்குறைய 175 கிலோ. பத்து கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் ஒவ்வொரு காலும் ஐயாயிரம் முறைக்கு மேல் இப்படி இறங்கியிருக்கும். பழகிய மூட்டுக்கு இது பாரமே அல்ல. பழகாத மூட்டை ஒரே வாரத்தில் இரட்டிப்பாய் வேலை வாங்கினால், சில்லுக்கு அடியிலுள்ள எலும்பும் அதைச் சுற்றியுள்ள கொழுப்புத் திசுவும் சவ்வும் எரிச்சலடைந்து வலிக்கின்றன. குருத்தெலும்புக்கு நரம்பு கிடையாது. அது தானாக வலிக்காது. “ஓட்டக்காரர் முழங்கால்” என்று உலகமெங்கும் அழைக்கப்படும் வலி பெரும்பாலும் இதுதான்.

இதற்கு அடையாளங்கள் உண்டு. படி ஏறுவதைவிட இறங்கும்போது அதிகமாய் வலிக்கும். குந்தி எழும்போது வலிக்கும். திருநெல்வேலிக்குப் போகும் ரயிலில் முழங்காலை மடக்கியே ஒரு பகலும் இரவும் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தால் வலிக்கும். விரலால் இந்த இடம் என்று தொட்டுக் காட்ட முடியாது. உள்ளங்கையைச் சில்லின்மேல் வைத்து “இங்கேதான், எங்கேயோ” என்போம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகமாய் வருகிறது.

எல்லா வலியும் இதுவல்ல. முழங்காலின் வெளிப்பக்கத்தில், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் சுரீரென்று வலித்தால் அது வேறு. இடுப்பின் வெளிப்புறத்திலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை இறங்கும் அகன்ற நார்ப்பட்டை ஒன்று உண்டு. ஒவ்வொரு அடியிலும் முழங்கால் சற்றே மடங்கும்போது, அந்தப் பட்டை எலும்புப் புடைப்பின்மேல் நெருக்குவதால் வருவது இவ்வலி. சில்லுக்குச் சற்றுக் கீழே, தசைநாண் இருக்கும் இடத்தில் மட்டும் வலித்தால் அது இன்னொன்று. குதிக்கிறவர்களுக்கு அது அதிகம். எனவே வலிக்கும் இடத்தைக் கவனித்துச் சொல்லுங்கள். சொல்லத் தெரிந்தவனுக்கு வைத்தியமும் சீக்கிரம் கிடைக்கும்.

தேய்ந்து போகுமா?

பெரியவர் சொன்ன பயத்தை நான் அசட்டை செய்யவில்லை. எந்திரத்தைப்போல மூட்டும் ஓடினால் தேயும் என்று நினைப்பது இயல்பே. ஆனால் மூட்டு எந்திரமல்ல, அது உயிருள்ளது. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டினுள் இருக்கும் திரவம், பாரம் விழுந்து நீங்கும்போதுதான் கடற்பஞ்சில் நீர் ஏறி இறங்குவதுபோல் உள்ளே சென்று அதைப் போஷிக்கிறது. அசையாத மூட்டுக்குப் போஷிப்பு குறைவு.

2017-ஆம் ஆண்டில் எலும்பியல், இயன்முறை மருத்துவ இதழ் ஒன்றில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு வெளியாயிற்று. பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் 3.5 விழுக்காட்டினருக்கும், ஓடாமல் உட்கார்ந்தே வேலை செய்கிறவர்களில் 10.2 விழுக்காட்டினருக்கும், போட்டிக்காக ஓடும் உயர்மட்ட வீரர்களில் 13.3 விழுக்காட்டினருக்கும் இருந்தது. ஓட்டம் மூட்டைக் காக்கிறது என்று இதை வைத்துச் சத்தியம் செய்துவிடக்கூடாது. எடை குறைவானவர்களே அதிகமாய் ஓடுகிறார்கள் என்பதும் ஒரு காரணமாயிருக்கலாம். ஆனால் நம்மைப்போல் வாரத்துக்கு மூன்று நாள் ஓடுகிறவனின் முட்டி அதனாலேயே தேய்ந்து போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

இன்னொரு முனையில், ஃபௌஜா சிங்கைக் காட்டி எதையும் செய்யலாம் என்கிறவர்களும் உண்டு. பஞ்சாபில் பிறந்த அவர் 2000-ஆம் ஆண்டில் தம் 89-ஆம் வயதில் இலண்டன் மராத்தான் ஓடியவர். 2025 ஜூலையில் சாலை விபத்தில் மரித்தார். பார்த்து வியக்க வேண்டிய மனிதர்தான். ஆனால் மெலிந்த சரீரமும் வயலில் உழைத்த கால்களும் கொண்டவர் அவர். பதினெட்டு வருடம் கணக்கர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் அவரைப் பார்த்து என் கிலோமீட்டரைத் தீர்மானிக்க முடியாது.

ஸ்கேன் அறிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாற்பது வயதைத் தாண்டியவர்களில், வலியே இல்லாத முழங்காலை ஸ்கேன் எடுத்தாலும் ஏதாவது ஒரு தேய்வோ கீறலோ தென்படுவது சாதாரணம். அறிக்கையில் எழுதியிருப்பதெல்லாம் வலிக்குக் காரணமாயிராது. அதேபோல மடக்கும்போது முட்டியில் “கடக், கடக்” என்று சத்தம் வருகிறதென்று கலங்குகிறவர்கள் அநேகர். வலியும் வீக்கமும் இல்லாத சத்தம் சத்தம் மட்டுமே.

ஓய்வு மட்டும் போதாது

என் மூன்று முறை தோல்விக்கும் காரணம் இதுதான். இரண்டு வாரம் சும்மாயிருந்தபோது எரிச்சல் அடங்கியது. ஆனால் தசைகள் இன்னும் பலவீனமாயின. திரும்ப ஓடியபோது அதே பாரம், அதைவிடச் சோர்ந்த கால். ஆகவே இந்த வலிக்கு இன்று மிகுந்த ஆதாரமுள்ள சிகிச்சை, தொடைக்கும் இடுப்புக்கும் சேர்த்துக் கொடுக்கும் பயிற்சியே. மின்சாரக் கருவிகளால் கொடுக்கும் சிகிச்சைக்கு அவ்வளவு ஆதாரம் இல்லை. பத்து நாள் “கரண்ட் வைத்துவிட்டு” வந்தவர்கள் பயிற்சியை விட்டுவிட்டால் பணம் போனதே மிச்சம்.

எனக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சிகள் நான்கு. ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நேராய் உயர்த்தி, மெதுவாய் இறக்குவது. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, இடுப்பை மேலே தூக்கி நிறுத்துவது. நாற்காலியின் விளிம்பைத் தொடுமட்டும் தாழ்ந்து எழும்புவது. பிறகு, வீட்டு வாசற்படியில் ஒரு காலை வைத்து ஏறி, அதே காலின் பலத்தால் மெதுவாய் இறங்குவது. இந்தக் கடைசிப் பயிற்சியே மற்றவற்றைவிடக் கடினம். என்னைப் படியிலே தடுக்கினதும் இதே அசைவுதானே. ஒவ்வொன்றையும் பத்துப் பன்னிரண்டு முறை, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். முதல் இரண்டும் எளிதானபின் சில நூறு ரூபாய்க்கு ஒரு ரப்பர் பட்டை வாங்கித் தொடையைச் சுற்றிக் கட்டிக்கொள்ளச் சொன்னார். குதிங்காலை உயர்த்திக் கெண்டைக்காலைப் பலப்படுத்துவதை ஒரு மாதத்துக்குப் பின் சேர்த்தார். ஆறு வாரத்தில் வித்தியாசம் தெரியும், மூன்று மாதம் விடாதிருக்க வேண்டும் என்றார். எனக்கு எட்டு வாரம் பிடித்தது.

பயிற்சியின்போது வலி சிறிதும் இருக்கக்கூடாது என்று நான் நினைத்திருந்தேன். அது தவறு. வலியில்லாமை பூஜ்யம், தாங்கவே முடியாத வலி பத்து என்று வைத்துக்கொண்டால், மூன்று வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மறுநாள் காலையில் அது முந்தின நாளின் நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லையானால் நேற்றுச் செய்தது அதிகம். இந்த ஒரே அளவுகோல் என்னை ஒரு வருடமாய் நடத்திற்று என்றால் மிகையல்ல.

ஓட்டத்தை முற்றிலும் நிறுத்தவில்லை. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று இருபது நிமிடத்தில் தொடங்கினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். மாதங்கள் செல்லச் செல்ல ஓட்டம் நீண்டு நடை குறைந்தது.

தூரத்தைக் கூட்டுவதில் “வாரம் பத்து விழுக்காடு” என்று ஒரு பழைய விதி புழங்குகிறது. நெதர்லாந்தில் புதிய ஓட்டக்காரர்களிடம் அதைச் சோதித்து 2008-இல் வெளியிட்டபோது, விதியைப் பின்பற்றினவர்களுக்கும் மற்றவர்களுக்கும் காயத்தில் வித்தியாசம் இல்லை என்று கண்டார்கள். 2025-இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைத் தொடர்ந்து கவனித்து வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டுகிறது. ஆபத்து வாரக் கணக்கில் இல்லை. கடந்த முப்பது நாட்களில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட, ஒரே நாளில் பத்து விழுக்காட்டுக்கு மேல் அதிகமாய் ஓடுவதில் இருக்கிறது. ஐந்திலிருந்து பத்துக்குத் தாவிய என் மரைன் டிரைவ் சனிக்கிழமையை இதைவிடத் துல்லியமாய் யாரும் விவரிக்க முடியாது.

அடி வைக்கும் விதத்திலும் ஒரு சிறு மாற்றம் உதவிற்று. நான் நிமிடத்துக்கு 150 அடி வைத்து, காலை நீட்டி நீட்டி ஓடினவன். வேகத்தை மாற்றாமல் அடியைக் குறுக்கி, 160 ஆக்கச் சொன்னார்கள். அடிகளின் எண்ணிக்கையை 5 முதல் 10 விழுக்காடு கூட்டினால் முழங்காலில் விழும் பாரம் குறைகிறது என்பது 2011-இலேயே அளந்து காட்டப்பட்டது. முதலில் பொம்மை ஓடுவதுபோல் இருக்கும். இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

காலணியும் மாத்திரையும்

கடைக்காரர்கள் பாதத்தின் வளைவைப் பார்த்து, “உங்களுக்கு இந்த வகைதான்” என்று விலையுயர்ந்த ஷூவை எடுத்து வைப்பார்கள். பாதத்தின் அமைப்புக்கேற்றபடி ஷூ கொடுப்பதால் காயங்கள் குறைவதில்லை என்றே 2022-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. போட்டு நடந்து பாருங்கள். எது இதமாயிருக்கிறதோ அதை வாங்குங்கள். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். செருப்போடு ஓடுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம். சகோதரிகள் சல்வார் அணிந்து ஷூ போட்டுக்கொண்டு ஓடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. சேலையோடு ஷூ அணிந்து வேகமாய் நடக்கிற தாய்மார்கள் செம்பூரில் அநேகர்.

தரையையும் கவனியுங்கள். நம் சாலைகள் மழைநீர் வடிவதற்காக ஓரத்தில் சரிவாய்ப் போடப்பட்டவை. தினமும் ஒரே ஓரமாய் ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இறங்கும். தாதர் சிவாஜி பார்க்கைச் சுற்றி ஓடுகிறவர்கள் நாளுக்கு நாள் திசையை மாற்றிக்கொள்வது நல்லது.

ஐஸ் வைப்பதைப் பற்றி அநேகர் கேட்கிறார்கள். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978-இல் பிரபலமாக்கினவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். அவரே 2014-இல், ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார். வலி அடங்கப் பத்து நிமிடம் வைத்தால் குற்றமில்லை. அதை வைத்தியம் என்று எண்ண வேண்டாம். முட்டி உறையும் அப்படியே: சிலருக்குத் தைரியம் கொடுக்கும், தசைக்குப் பலம் கொடுக்காது. குளுக்கோசமைன் மாத்திரைகளால் இந்த வலிக்குப் பயன் என்று உறுதியான சான்று கிடையாது.

வலி மாத்திரையைக் குறித்துத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மரைன் டிரைவில் நீண்ட ஓட்டத்துக்கு முன் “முன்ஜாக்கிரதையாக” ஒன்றைப் போட்டுக்கொள்கிறவர்களை என் கண்ணாரக் கண்டேன். நானும் போட்டிருக்கிறேன். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்றவை சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. மும்பையின் புழுக்கத்தில் வியர்த்து, நீர் வற்றிய சரீரத்தில் அது இரட்டை ஆபத்து. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாய் அழிந்துபோனது எதனால் தெரியுமா? மாடுகளுக்குக் கொடுத்த இதே டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்ததால்தான். 2006-இல் கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பது தடை செய்யப்பட்டது. மனிதனின் சிறுநீரகம் கழுகினுடையதல்ல என்பது மெய்யே. ஆனாலும் மருத்துவர் சொல்லாமல் அதை விழுங்க எனக்கு இப்போது கை வருவதில்லை. வேறொரு கெடுதியும் உண்டு: வலியை மறைத்துக்கொண்டு ஓடுகிறவன், நிறுத்த வேண்டிய இடத்தை அறியாமல் தாண்டிப் போகிறான். உபவாச நாட்களில் தண்ணீரும் குடியாதிருக்கிறவர்கள் அன்றைக்கு ஓடாதிருப்பதே நலம்.

நம் வீடுகளுக்குரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். முழங்காற்படியிட்டு நெடுநேரம் ஜெபிக்கிற பழக்கம் நம்மில் அநேகருக்கு உண்டு. முழங்காலை முற்றிலும் மடக்கிச் சிமெண்டுத் தரையில் ஊன்றும்போது சில்லு பள்ளத்தில் இறுக அழுத்தப்படுகிறது. வலி இருக்கிற வாரங்களில் ஒரு கம்பளியை நான்காய் மடித்து முழங்காலின்கீழ் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது நாற்காலியில் உட்கார்ந்து ஜெபியுங்கள். சம்மணமிட்டு உட்காரும் கூட்டங்களில் அரைமணிக்கு ஒருமுறை காலை நீட்டிக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் நான் பின்வரிசை நாற்காலியில்தான் இருந்தேன். ஒருவரும் தவறாய் எண்ணவில்லை.

இட்லிக்காரர் மகன்

என் கதை இவ்வளவுதான் என்றால் எழுதியிருக்கவே மாட்டேன். 2024 ஏப்ரலில் எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் ஒரு சகோதரரின் மகன் வந்து வாசலில் நின்றான். தகப்பன் அதிகாலையில் சைக்கிளில் இட்லி விற்கிறவர். மகனுக்கு வயது 21. மும்பையில் பிறந்து மராத்தி வழியில் படித்தவன். மகாராஷ்டிர போலீஸ் கான்ஸ்டபிள் தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தான். அதற்கான உடல்தகுதித் தேர்வில் ஆண்களுக்கு 1600 மீட்டர், பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம். அறிவிப்பு வந்த நாள்முதல் காலையும் மாலையும் சாலையோரமாய் எட்டு எட்டு கிலோமீட்டர் ஓடியிருக்கிறான், தம்பியின் பள்ளிக்கூடக் கேன்வாஸ் ஷூவில்.

“அங்கிள், மூன்றாவது கிலோமீட்டர் வந்தால் போதும், கத்தி குத்துகிறது. அப்பாவிடம் சொல்லவில்லை” என்றான். எங்கே என்று கேட்டேன். வலது முழங்காலின் வெளிப்பக்கத்தில் ஒரு விரலை வைத்தான்.

பிசியோதெரபிஸ்ட் சகோதரியிடம் அழைத்துப் போனேன். அவர் முதலாவது செய்தது, மாலை ஓட்டத்தை நிறுத்தியது. பின்பு எனக்குப் புதிதான ஒரு காரியத்தைச் சொன்னார். அந்த நார்ப்பட்டை வலி மெதுவாய் நெடுந்தூரம் ஓடும்போதே அதிகம். வேகமாய் ஓடுகையில் கால் தரையில் படும்போதே முழங்கால் கூடுதலாய் மடங்கியிருப்பதால் நெருக்குதல் குறைவு. தேர்வு 1600 மீட்டர்தானே. அதற்கு எட்டு கிலோமீட்டர் மெதுவோட்டம் எதற்கு? ஆகவே சாலையை விட்டு மைதானத்துக்கு மாற்றினார். 200 மீட்டர் வேகமாய் ஓடி, நடந்து திரும்பி, மறுபடியும் 200. வாரம் மூன்று நாள். மற்ற நாட்களில் இடுப்புக்கு நான் செய்த அதே ஒருக்களித்த பயிற்சி, வாசற்படிப் பயிற்சி. சபையார் சிலர் சேர்ந்து ஒரு ஷூ வாங்கிக் கொடுத்தோம். நான்காம் வாரத்தில் 400 மீட்டராய்க் கூட்டினார். எட்டாம் வாரத்தில் முழுத் தூரத்தையும் வலியில்லாமல் ஓடினான்.

அந்த ஜூனில் மழைக்கிடையே உடல்தகுதித் தேர்வு நடந்தது. தேறினான். எழுத்துத் தேர்வில் சில மதிப்பெண்களில் தவறிவிட்டது. தகப்பனுக்கு வருத்தம்தான், ஆனாலும் அவன் காலைக் கெடுத்துக்கொள்ளவில்லை, வயதும் இருக்கிறது.

சில காரியங்களில் வீட்டுப் பயிற்சியை நம்பிக் காத்திருக்கக்கூடாது. முழங்கால் திடீரென்று வீங்கினால், மடக்கின நிலையிலேயே பூட்டிக்கொண்டால், நடக்கையில் சட்டென்று விட்டுக்கொடுத்தால், காலை ஊன்றவே முடியாவிட்டால் உடனே எலும்பு மருத்துவரிடம் போங்கள். மூட்டினுள்ளிருக்கும் சவ்வோ தசைநாரோ கிழிந்திருக்கலாம். காய்ச்சலோடு மூட்டு சிவந்து சூடாயிருந்தால் அன்றைக்கே போக வேண்டும். இராத்தூக்கத்தைக் கலைக்கும் வலியையும், எலும்பின்மேல் ஒரே இடத்தில் தொட்டால் துடிக்கும் வலியையும் அசட்டை செய்யாதிருங்கள். பின்னது எலும்பில் விழுந்த நுண்ணிய முறிவாயிருக்கக்கூடும். பிள்ளைகள் முழங்கால் வலிக்கிறதென்று நொண்டினால் இடுப்பையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சிறுவர்களுக்கு இடுப்பு மூட்டின் கோளாறு முழங்காலில் வலியாய்த் தெரிவதுண்டு.

2024 ஜனவரியில், ஒரு வருடம் தாமதமாய், அந்தப் பத்து கிலோமீட்டரை 78 நிமிடத்தில் ஓடி முடித்தேன். இரண்டாம் ஆராதனைக்குப் பத்து நிமிடம் தாமதமாய்ப் போனேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை இப்போது 5.6. வாரம் மூன்று நாள் ஓடுகிறேன். இரண்டு நாள் வாசற்படிப் பயிற்சி. அதை ஒரு மாதம் விட்டால் குர்லா படிகள் ஞாபகப்படுத்திவிடுகின்றன.